மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கணக்கிடுவது எப்படி? குடும்ப மரம் முதல் மரபணுப் பரிசோதனை வரை முழுமையான வழிகாட்டி

"எங்க சித்திக்கு மார்புல கட்டி வந்துச்சு டாக்டர்" என்கிறீர்கள். அவரும் குறித்துக்கொள்கிறார். ஆனால் எந்தச் சித்தி? அம்மாவின் தங்கையா, சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தவரா? அம்மாவின் தங்கை என்றால் உங்கள் கணக்கு மாறும். சித்தப்பாவின் மனைவி என்றால், அவர் பட்ட பாடு பெரிதுதான், ஆனாலும் உங்கள் கணக்கில் அதற்கு இடமில்லை. அந்தச் சித்தியும் அப்பாவின் அக்கா மகள்தான் என்றால்? அப்போது மறுபடியும் இடம் உண்டு!

மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கணக்கிட இணையத்தில் கருவிகள் இருக்கின்றன. ஏழெட்டுக் கேள்விக்குப் பதில் போட்டால் ஒரு நிமிடத்தில் சதவீதம் வந்துவிடும். அந்தப் பதில்களைச் சரியாகத் திரட்டுவதற்குத்தான் ஒரு மாதம் ஆகும். அதனால் இந்த வழிகாட்டியில் கருவியைவிட அந்த ஒரு மாத வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. இந்தக் கணக்கு எல்லாம் இப்போது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. மார்பில் கட்டி, காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர், தோலில் குழி, அக்குளில் நெறி என்று ஏதாவது இருந்தால் சதவீதம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள். ஏற்கனவே மார்பகப் புற்றுநோய் வந்து குணமானவர்களுக்கும் இந்தக் கருவிகள் பொருந்தாது.

முதல் படி: எந்த எண் வேண்டும் என்று தெரிந்துகொள்வது

"ஆபத்து 26 சதவீதம் கூடுகிறது" என்று ஒரு செய்தி வந்தால் பதறிவிடுகிறோம். 2002-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு முடிவு இப்படித்தான் உலகத்தைக் கலக்கியது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் இரண்டும் சேர்ந்த ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுதல் என்றது அது. அதே கணக்கை இன்னொரு விதமாகச் சொன்னால், மாத்திரை எடுக்காத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 30 பேருக்கு வந்தது, எடுத்தவர்களில் 38 பேருக்கு வந்தது. 8 பேர் கூடுதல். இரண்டும் ஒரே உண்மைதான். முதலாவது ஒப்பீட்டு எண், இரண்டாவது நேரடி எண். முடிவெடுக்க உதவுவது நேரடி எண்.

எனவே யார் எந்தச் சதவீதம் சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை ஆண்டுக்குள்? யாரோடு ஒப்பிட்டு? எந்த நாட்டுப் பெண்களின் கணக்கை வைத்து? ஐந்தாண்டுக்குள் 2 சதவீதம் என்பதும் ஆயுள் முழுக்க 2 சதவீதம் என்பதும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அமெரிக்கப் பெண்களில் 8 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் 2020 புற்றுநோய்ப் பதிவேட்டு அறிக்கைப்படி இந்தியப் பெண்களில் 29 பேரில் ஒருவருக்கு, அதுவும் 74 வயதுவரை எடுத்துக்கொண்டால். அமெரிக்கக் கணக்கில் ஓடும் கருவியில் மதுரைப் பெண் தன் விவரத்தைப் போட்டால், கருவி அவரை அமெரிக்காவில் வாழ்பவராகவே எடுத்துக்கொள்ளும்.

இரண்டாம் படி: குடும்ப மரம் வரைவது

இதற்கு ஒரு முழு வெள்ளைத்தாள் போதும். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். நோய் வந்தவரின் வட்டத்தையோ சதுரத்தையோ நிரப்பிவிடுங்கள். இறந்தவருக்கு ஒரு குறுக்குக் கோடு. நடுவில் நீங்கள், மேலே அப்பா அம்மா, அதற்கும் மேலே இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகள். பக்கவாட்டில் உடன்பிறந்தவர்கள், அப்பா அம்மாவின் உடன்பிறந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள். மூன்று தலைமுறை வேண்டும்.

நம் உறவுமுறைச் சொற்கள் இங்கே பாதி உதவி, பாதி தொல்லை. அத்தை, சித்தி என்று தனித்தனிச் சொல் இருப்பதால் அப்பா பக்கமா அம்மா பக்கமா என்று ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் தாய்மாமன் மனைவியும் பல வீடுகளில் அத்தைதான். பெரியப்பாவின் மனைவியும் பெரியம்மாதான். சித்தப்பா மகளும் நமக்குத் தங்கைதான். கருவி 'சகோதரி' என்று கேட்கும்போது அது ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவரைத்தான் கேட்கிறது. சித்தப்பா மகளை அந்தக் கட்டத்தில் போட்டால் உங்கள் சதவீதம் பொய்யாக எகிறிவிடும். எனவே தாளில் அத்தை, சித்தி என்று எழுதாமல் 'அப்பாவின் இரண்டாவது தங்கை' என்று ரத்த உறவை விரித்து எழுதுங்கள். மாமன் மகளையோ அக்கா மகளையோ கட்டிய வீடுகளில் ஒரே ஆள் இரண்டு வழியில் உறவாக வருவார். இரண்டு கோடும் போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது கேட்பது. இதுதான் கடினம். நம் வீடுகளில் புற்றுநோயைப் பெயர் சொல்லிச் சொல்வதில்லை. பெண் கொடுக்க, எடுக்கச் சிக்கல் வரும் என்று மறைத்த வீடுகள் ஏராளம். "அப்பத்தா எப்படி இறந்தாங்க?" என்று கேட்டால் "வயசாச்சு, போயிட்டாங்க" என்பார்கள். கேட்கிற கேள்வியை மாற்றிப் பாருங்கள். கடைசியில் எந்த ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தீர்கள்? கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்களா? முடி கொட்டியதா? வயிற்றில் நீர் கோத்துக்கொண்டதா? "அடையாறுக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம்" என்று ஒருவர் சொன்னால் போதும், அது அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனை, பாதிக் கதை தெரிந்துவிடும். வயிற்றில் நீர் கோத்தது கல்லீரல் நோயாகவும் இருக்கலாம், சினைப்பைப் (ஓவரி) புற்றுநோயாகவும் இருக்கலாம். பழைய ஃபைல், பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) ரிப்போர்ட் எதுவாவது பரணில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். பெரிய அத்தையோ கடைசிச் சித்தியோ, குடும்பத்தில் இதையெல்லாம் நினைவு வைத்திருக்கும் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரைக் கல்யாண வீட்டில் பிடிக்காதீர்கள். தனியாகப் போய், காபி குடித்துக்கொண்டு, மெதுவாகக் கேளுங்கள்.

நோய் வந்த ஒவ்வொருவருக்கும் எந்த உறுப்பில், எந்த வயதில் என்ற இரண்டும் வேண்டும். இறந்த வயது வேறு, நோய் கண்டுபிடித்த வயது வேறு. 38 வயதில் வந்த மார்பகப் புற்றுநோயும் 78 வயதில் வந்ததும் ஒன்றல்ல. இளவயதில் வந்ததற்குத்தான் மரபணுக் காரணம் இருக்கும் வாய்ப்பு அதிகம். மார்பகத்தை மட்டும் பார்க்காமல் சினைப்பை, கணையம், ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோயையும் எழுதுங்கள். ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அந்த ஒன்றே மரபணுப் பரிசோதனைக்குப் போதுமான காரணம். கர்ப்பப்பை எடுத்தவர்கள் என்றால், சினைப்பையும் சேர்த்தா எடுத்தார்கள், எந்த வயதில் என்று கேளுங்கள். இளவயதில் சினைப்பை எடுத்தவருக்கு ஹார்மோன் குறைவதால் மார்பகப் புற்றுநோய் வராமலே போயிருக்கலாம். மரத்தில் அது ஒரு மறைப்பு.

இன்னொரு மறைப்பு அப்பா பக்கம். "இது பொம்பளைங்க நோய், அம்மா வழியில்தானே வரும்" என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். மரபணு அப்பாவிடமிருந்தும் சரிபாதி வருகிறது. அப்பாவுக்கு அக்கா தங்கையே இல்லை, நான்கு அண்ணன் தம்பிகள்தான் என்றால் அந்தப் பக்கம் நோய் வெளியே தெரியாமலே ஒளிந்திருக்கலாம்.

இவ்வளவு தேடியும் மரத்தில் ஒன்றும் கிடைக்கவில்லையா? அதுவும் சாதாரணம்தான். மார்பகப் புற்றுநோய் வந்த 9 பெண்களில் 8 பேருக்கு அம்மா, உடன்பிறந்தாள், மகள் யாருக்கும் அந்த நோய் இருப்பதில்லை என்று 2001-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு சொன்னது. அதே ஆய்வில், இந்த நெருங்கிய உறவில் ஒருவருக்கு இருந்தால் ஆபத்து 1.8 மடங்கு, இருவருக்கு என்றால் 2.9 மடங்கு, மூவருக்கு என்றால் 3.9 மடங்கு.

மூன்றாம் படி: உங்கள் சொந்தக் கணக்கு

இதை வேகமாக முடித்துவிடலாம். வயதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணி. அப்புறம் பூப்படைந்த வயது: ஓராண்டு முன்னதாக என்றால் சுமார் 5 சதவீதம் கூடுதல். மாதவிடாய் நின்ற வயது: ஓராண்டு தள்ளிப்போனால் சுமார் 3 சதவீதம் கூடுதல். முதல் குழந்தை பிறந்த வயது. தாய்ப்பால் கொடுத்த மாதங்களை எல்லாக் குழந்தைக்கும் சேர்த்துக் கூட்டுங்கள். ஒவ்வொரு 12 மாதத்துக்கும் சுமார் 4 சதவீதம் குறைகிறது. உயரம், எடை: மாதவிடாய் நின்ற பிறகு உடல் பருமன் ஆபத்தைக் கூட்டும். மது, ஹார்மோன் மாத்திரை. இளவயதில் வேறு நோய்க்காக நெஞ்சில் கதிர்வீச்சு வாங்கியவர்கள் தனி ரகம், அவர்களுக்குப் பொதுக் கருவிகள் உதவாது.

இரண்டு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். ஒன்று, பழைய பயாப்ஸி. "சாதாரணக் கட்டிதான், பயமில்லை" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அந்த ரிப்போர்ட்டில் 'எடிபிக்கல் ஹைப்பர்பிளேசியா' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். செல்கள் மிகையாகப் பெருகி, வடிவத்திலும் கொஞ்சம் முறை தவறியிருக்கின்றன என்று பொருள். அது இருந்தால் ஆபத்து சுமார் நான்கு மடங்கு. ஃபைப்ரோஅடினோமா என்ற வெறும் தீங்கற்ற கட்டிக்கும் இதற்கும் பெரிய இடைவெளி உண்டு. இரண்டு, மேமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே) ரிப்போர்ட்டில் மார்பக அடர்த்திக்கு ஏ முதல் டி வரை ஓர் எழுத்து போட்டிருப்பார்கள். கொழுப்பு மிகுந்த ஏ-யைவிட மிக அடர்ந்த டி-க்கு ஆபத்து நான்கு மடங்குக்கு மேல். போதாக்குறைக்கு, அடர்ந்த திசுவும் கட்டியும் படத்தில் ஒரே வெள்ளையாகத் தெரியும் என்பதால் கட்டி ஒளிந்துகொள்ளவும் செய்யும்.

நான்காம் படி: கருவியில் போடுவது

பழைய கருவியின் பெயர் 'கெய்ல் மாதிரி' (Gail model). அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த மிட்செல் கெய்லும் குழுவினரும் 1989-இல் வெளியிட்டது. இன்றும் இணையத்தில் இலவசமாக இருக்கிறது, 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. அதன் உள்ளே நடப்பது வெறும் பெருக்கல்தான். மலர் என்று ஒரு கற்பனைப் பெண்ணை வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

மலருக்கு 42 வயது. 13 வயதில் பூப்படைந்தவர். முதல் குழந்தை 27-இல். 36-இல் ஒரு பயாப்ஸி, முறை தவறிய செல் எதுவும் இல்லை. அம்மாவுக்கு 61 வயதில் மார்பகப் புற்றுநோய். அப்பாவின் தங்கைக்கு, அதாவது அத்தைக்கு, 48 வயதில் சினைப்பைப் புற்றுநோய்.

1989 அட்டவணைப்படி பூப்படைந்த வயதுக்கு 1.10. நெருங்கிய உறவில் ஒருவர், முதல் குழந்தை 25 முதல் 29-க்குள் என்ற இரண்டும் சேர்ந்து 2.76. ஐம்பதுக்கு முன் ஒரு பயாப்ஸி, அதற்கு 1.70. முறை தவறிய செல் இல்லை என்பதால் 0.93. பெருக்கினால் 4.80. அம்மாவுக்கு நோய் வராமல் இருந்திருந்தால் 2.76-க்குப் பதில் 1.55, மொத்தம் 2.70.

4.80 என்றால் சராசரிப் பெண்ணைவிட 4.80 மடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாக் கட்டத்திலும் மிகக் குறைந்த ஆபத்துள்ள பெண்ணோடு ஒப்பிட்ட எண் அது. சராசரிப் பெண்ணிடமே இந்தக் காரணிகள் சிலது இருக்கும் அல்லவா? கருவி அதைக் கழித்துவிட்டு, அந்த வயதில் ஊரில் எத்தனை பேருக்கு நோய் வருகிறது என்ற எண்ணால் பெருக்கி, வேறு காரணத்தால் இறக்கும் வாய்ப்பையும் பார்த்து, ஐந்தாண்டுச் சதவீதத்தைத் தருகிறது. 1.67 சதவீதத்துக்கு மேல் என்றால் 'கூடுதல் ஆபத்து' என்பது அமெரிக்க வழக்கம். மேலே போட்ட பெருக்கல் எண்கள் வெள்ளை அமெரிக்கப் பெண்களிடமிருந்து வந்தவை. இப்போதுள்ள கருவியில் ஆசிய அமெரிக்கர்களுக்குத் தனி எண்கள் உண்டு, ஆனால் சீனர், ஜப்பானியர், பிலிப்பினோ என்று பெயர் சொல்லிப் பிரித்தபின் நாம் விழுவது 'பிற ஆசியர்' என்ற பெட்டியில்.

மலரின் அத்தை எங்கே போனார்? கெய்ல் கணக்கில் அவர் கிடையாது. அம்மா, உடன்பிறந்தாள், மகள் தவிர வேறு யாரையும் அது கேட்பதில்லை. நோய் வந்த வயதையும் கேட்பதில்லை, சினைப்பையையும் கேட்பதில்லை. இந்தக் குடும்பத்தில் மிக முக்கியமான தகவல் அந்த அத்தைதான், கருவி அவரைத் தாண்டிப் போய்விட்டது. மருத்துவமனை முகாம்களில் ஐந்து நிமிடத்தில் போட்டுத் தரும் சதவீதத்தை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

எனவே குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் வேறு கருவி வேண்டும். லண்டனில் 2004-இல் வந்த டைரர்-குசிக் கருவி அத்தை, சித்தி, பாட்டிகளையும் நோய் வந்த வயதையும் சினைப்பையையும் சேர்த்துக்கொள்ளும். உயரம், எடை, ஹார்மோன் மாத்திரையும் உண்டு. எட்டாவது பதிப்பில் மார்பக அடர்த்தியும் வந்துவிட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேன்ரிஸ்க் இன்னும் விரிவானது. குடும்ப மரத்தை அப்படியே வரைந்து ஏற்றலாம், மரபணு முடிவுகளையும் சேர்க்கலாம். அது மருத்துவப் பணியாளர்களுக்காக உருவானது என்பதால் மரபணு ஆலோசகர் ஒருவரோடு உட்கார்ந்து போடுவதுதான் சரி. நீங்கள் வரைந்த தாள் அங்கேதான் கைகொடுக்கும்.

ஐந்தாம் படி: மரபணுப் பரிசோதனை, யாருக்கு முதலில்?

மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம்தான் ஒரே மரபணுவில் வந்த பெரிய பழுதால் வருபவை. அதில் பிரபலமானவை பி.ஆர்.சி.ஏ-1, பி.ஆர்.சி.ஏ-2. முதலாவது 17-ஆம் குரோமோசோமில் இருப்பதை 1990-இல் மேரி-கிளேர் கிங் காட்டினார். மரபணு 1994-இல் கையில் கிடைத்தது, இரண்டாவது 1995-இல். 2013-இல் ஏஞ்சலினா ஜோலி தன் பி.ஆர்.சி.ஏ-1 முடிவையும் அறுவை சிகிச்சையையும் வெளிப்படையாக எழுதிய பிறகுதான் உலகம் முழுக்க வீடுகளில் இந்தப் பேச்சு நுழைந்தது.

2017-இல் வந்த பெரிய ஆய்வின்படி பி.ஆர்.சி.ஏ-1 பழுதுள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 72 சதவீதம், பி.ஆர்.சி.ஏ-2 என்றால் 69. சினைப்பைக்கு முறையே 44, 17. பால்பி-2 என்ற மரபணுவில் பழுது என்றால் மார்பகத்துக்குச் சுமார் 53 சதவீதம். செக்-2, ஏ.டி.எம். (பணம் எடுக்கிறது இல்லை) போன்றவை ஆபத்தை ஏறத்தாழ இரண்டு, இரண்டரை மடங்காக்கும், அவ்வளவுதான். எல்லாவற்றையும் சேர்த்து 'பேனல்' என்று ஒரே ரத்தத்தில் பார்த்துவிடுகிறார்கள்.

முக்கியமான கேள்வி யாரை முதலில் பரிசோதிப்பது என்பது. ஆர்வமும் பணமும் இருப்பவர் போய்ச் செய்துகொள்கிறார். தப்பு. நோய் வந்தவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மலர் நேராகப் போய்ப் பரிசோதித்து 'பழுது இல்லை' என்று வந்தால் என்ன பொருள்? குடும்பத்தில் பழுது இருந்து இவருக்கு வரவில்லையா, குடும்பத்திலேயே இல்லையா, அல்லது இந்தப் பரிசோதனையால் பிடிக்க முடியாத பழுதா என்று தெரியாது. அத்தையைப் பரிசோதித்து பி.ஆர்.சி.ஏ-1 பழுது கிடைத்தால் கதை தெளிவாகிறது. அத்தைக்கு இருந்தால் மலரின் அப்பாவுக்கு இருக்கும் வாய்ப்பு பாதி, மலருக்குக் கால்வாசி. அந்த ஒரே பழுதை மட்டும் தேடினால் போதும் என்பதால் செலவும் குறையும். மலருக்கு அது இல்லை என்று வந்தால் அப்பா பக்கத்துக் கவலை உண்மையாகவே தீர்ந்தது. அம்மா பக்கம் அப்படியே இருக்கிறது, அதை மறந்துவிட வேண்டாம். அம்மாவுக்கு நோய் வந்ததால் கூடிய ஆபத்து எங்கும் போகவில்லை.

முடிவு மூன்று விதமாக வரும். பழுது உண்டு, பழுது இல்லை, மூன்றாவது 'பொருள் தெரியாத மாற்றம்'. மூன்றாவதுதான் ஆளைக் குழப்பும். மரபணுவில் ஒரு வேறுபாடு இருக்கிறது, அது கெடுதலா இல்லையா என்று உலகில் இன்னும் யாருக்கும் தெரியாது என்று அர்த்தம். நம் நாட்டு மக்களின் மரபணுத் தரவு குறைவு என்பதால் நமக்கு இந்த முடிவு அடிக்கடி வரும். அதை வைத்துக்கொண்டு அறுவை சிகிச்சை செய்யக்கூடாது. ஓரிரு ஆண்டு கழித்து ஆய்வகத்திடம் மறுபடி கேளுங்கள், முடிவு மாறும்போது பெரும்பாலும் 'கெடுதல் இல்லை' என்றுதான் மாறுகிறது.

எச்சில் அனுப்பி வீட்டிலிருந்தே செய்யும் பரிசோதனைகளில் ஒரு பொறி உண்டு. 2018-இல் அமெரிக்கா முதலில் அனுமதித்த அத்தகைய பரிசோதனை மூன்றே மூன்று பழுதுகளைத்தான் பார்த்தது. மூன்றும் அஷ்கனாசி யூதர்களிடம், அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய வம்சாவளி யூதர்களிடம், அதிகம் காணப்படுபவை. இந்த இரண்டு மரபணுக்களிலும் ஆயிரக்கணக்கான பழுதுகள் உண்டு. ஆச்சரியம் என்னவென்றால், அந்த மூன்றில் ஒன்றான 185டெல்ஏஜி தென்னிந்தியக் குடும்பங்களிலும் திரும்பத் திரும்பக் கிடைத்திருக்கிறது. அதற்காக அந்த ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. கணவன் மனைவி இருவருக்குமே பி.ஆர்.சி.ஏ-2 பழுது இருந்து, குழந்தைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால் ஃபன்கோனி அனீமியா என்ற கடுமையான நோய் வரும். பழுது தெரிந்தவர்கள் குழந்தை பெறும் முன் துணையையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: சின்னச் சின்ன வேறுபாடுகளின் கூட்டல்

பெரிய பழுது இல்லாதவர்களுக்கும் மரபணுவில் சொல்ல ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. மளிகைக் கடை பில் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளும் அஞ்சு ரூபாய், பத்து ரூபாய்தான். கூட்டிப் பார்த்தால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். 2007-இல் எஃப்.ஜி.எஃப்.ஆர்-2 என்ற மரபணுவில் ஓர் எழுத்து வேறுபாடு கிடைத்தது; ஒரு பிரதி இருந்தால் ஆபத்து கால் பங்கு போலக் கூடுகிறது. அப்படிப்பட்டவை நூற்றுக்கணக்கில் கிடைத்தன. ஒவ்வோர் இடத்திலும் அந்த எழுத்து உங்களிடம் எத்தனை, பூஜ்யமா ஒன்றா இரண்டா என்று பார்த்து, அதன் எடையால் பெருக்கிக் கூட்டினால் பல்மரபணு மதிப்பெண் கிடைக்கும். 2019-இல் வந்த 313 இடங்களைக் கொண்ட மதிப்பெண்ணில், வரிசையில் மிக மேலே வரும் ஒரு சதவீதப் பெண்களின் வாழ்நாள் ஆபத்து சுமார் 33 சதவீதம். அந்தக் கணக்கு ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களுக்கு.

நமக்கு? 2020-இல் ஆசியப் பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். மலேசியா, சிங்கப்பூர் இந்தியப் பெண்களும் அதில் இருந்தார்கள். அங்குள்ள இந்தியரில் பெரும்பாலோர் தமிழர்கள். மதிப்பெண் வேலை செய்கிறது, ஆனால் ஐரோப்பியரிடம் செய்த அளவுக்கு இல்லை என்று தெரிந்தது. ஐரோப்பிய அளவுகோலில் உங்கள் மதிப்பெண்ணை வைத்து 'நூற்றில் 90-ஆவது இடம்' என்று ஓர் ஆய்வகம் எழுதினால், எந்த மக்களோடு ஒப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தத் தாளுக்கு அதிக மதிப்புக் கொடுக்காதீர்கள். என் கருத்து: தமிழ்நாட்டில் இப்போதைக்கு இதற்குக் காசு செலவழிப்பதைவிட அத்தையின் பேனல் பரிசோதனைக்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

ஏழாம் படி: வந்த எண்ணைப் படிப்பது

ஒரு கருவியை இரண்டு விதமாக எடை போடுவார்கள். நூறு பேருக்கு வரும் என்று சொன்னால் ஏறத்தாழ நூறு பேருக்கு வருகிறதா? வரப்போகிறவரையும் வராதவரையும் பிரித்துக் காட்டுகிறதா? கெய்ல் மாதிரியை அமெரிக்கச் செவிலியர்களிடம் 2001-இல் சோதித்தபோது முதலாவதில் நன்றாகத் தேறியது. இரண்டாவதில் ஒன்றுக்கு 0.58 வாங்கியது. கண்ணை மூடிக்கொண்டு காசு சுண்டினாலே 0.5 கிடைக்கும்! 313 இடங்களைப் பார்க்கும் பல்மரபணு மதிப்பெண் மட்டும் 0.63. எல்லாவற்றையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும். எனவே உங்களுக்கு 20 சதவீதம் என்று வந்தால், உங்களைப் போன்ற 100 பெண்களை நிறுத்தினால் அவர்களில் சுமார் 20 பேருக்கு வரும் என்று பொருள். அந்த 20 பேரில் நீங்கள் ஒருவரா என்று எந்தக் கருவிக்கும் தெரியாது.

எட்டாம் படி: எண்ணை வைத்து என்ன செய்வது

பிரிட்டனில் வாழ்நாள் ஆபத்து 17 சதவீதத்துக்குக் கீழ் என்றால் சாதாரணம், 17 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். அமெரிக்காவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் மேமோகிராமோடு எம்.ஆர்.ஐ.யும் சேர்க்கச் சொல்கிறார்கள். பி.ஆர்.சி.ஏ பழுது உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்தே ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ., 30-க்குப் பின் மேமோகிராமும் சேர்த்து. சினைப்பையை நீக்குவது பற்றி பி.ஆர்.சி.ஏ-1 உள்ளவர்கள் 35 முதல் 40-க்குள், பி.ஆர்.சி.ஏ-2 என்றால் 40 முதல் 45-க்குள், குழந்தைகள் போதும் என்றான பிறகு மருத்துவரோடு பேச வேண்டும். சினைப்பைப் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்க நம்பகமான ஸ்கேன் இல்லை என்பதுதான் காரணம். மார்பகங்களை நீக்கினால் ஆபத்து 90 சதவீதத்துக்கு மேல் குறையும். ஆனால் தொடர் கண்காணிப்பும் ஏற்கத்தக்க வழிதான், அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டியதில்லை.

நடுவில் இருப்பவர்களுக்கு மாத்திரை வழியும் உண்டு. ஆபத்து கூடிய பெண்களுக்கு ஐந்தாண்டு டாமோக்சிஃபென் கொடுத்தால் நோய் வருவது ஏறத்தாழ பாதியாகிறது என்று 1998-இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய், ரத்தக்கட்டு ஆகிய பக்கவிளைவுகளும் அதோடு வரும். அதனால் இதை எடுப்பதா என்பது அந்தச் சதவீதத்தைப் பொறுத்தது. கருவியின் எண் நேரடியாகப் பயன்படுகிற இடம் இதுதான்.

சாதாரண ஆபத்து என்று வந்தவர்கள்? மும்பை டாடா நினைவு மருத்துவமனை சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டு தொடர்ந்தது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் மார்பகங்களைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெறும் கையால் பரிசோதித்தார்கள். மற்ற பாதியோடு ஒப்பிட்டால், 50 வயதைத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் சுமார் 30 சதவீதம் குறைந்தது. மெஷினே இல்லாமல்! உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனை செய்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள், வெட்கப்படும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியாக, வரைந்த தாளின் மூலையில் தேதி போட்டு வையுங்கள். அடுத்த ஆண்டு ஒரு பெரியம்மா மகளுக்குக் கட்டி என்று செய்தி வரலாம், அத்தையின் பேனல் முடிவு வரலாம், உங்களுக்கே ஒரு பயாப்ஸி ஆகலாம். அப்போது தாளில் ஒரு வட்டத்தை நிரப்பிவிட்டு நான்காம் படியிலிருந்து மறுபடி போடுங்கள். தாளை ஃபோனில் ஒரு படம் எடுத்து உடன்பிறந்தவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். தம்பிக்கும் சேர்த்து. அவனுக்கும் மகள் இருப்பாள்.